பின் சீட்டில் அனிதா

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று பக்கத்து வீட்டு சுப்பராயலு மாமா கேட்டபோது ஆரோக்கிய ஜெகன் கார் சாவியைத் திருகியிருந்தான். இன்னும் மூன்று விநாடி கிடைத்திருந்தால் தெருமுனையைத் தாண்டியிருப்பான்.

'சும்மா' என்று மட்டும் சொல்லக்கூடாது. கார் வாங்கிய முதல் ஞாயிறு அந்தத் தவற்றைச் செய்தான். சும்மா போகிற வண்டிதானே என்று எதிர்வீட்டு ரோசி அக்கா தன் தையல் மெஷினைப் பண்ருட்டியில் இறக்கச் சொன்னாள். திரும்பும்போது அவள் தங்கை வீட்டுப் பலாப்பழங்கள் நான்கு வந்தன. மூன்று பின் சீட்டில். ஒன்று அனிதாவின் மடியில்.

ஜெகன் கார் வாங்கியதே மனைவியோடு சும்மா போவதற்குத்தான். வயலைப் பார்க்க வேண்டும், ஆற்றைப் பார்க்க வேண்டும், ஒரு வேலையும் முடிக்காமல் கடலூருக்குத் திரும்ப வேண்டும். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அனிதா வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

"ஆஸ்பத்திரிக்கு மாமா," என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகிற காரில் யாரும் தையல் மெஷின் ஏற்ற மாட்டார்கள்.

"யாருக்கு?"

காரில் இருந்த ஒரே ஆளை ஜெகன் பார்த்தான். "அனிதாவுக்கு. தல சுத்தல்."

தலை நிறையப் பூவோடு முன் சீட்டில் இருந்த அனிதா, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே."

"சிதம்பரத்துல ஒரு டாக்டரு இருக்காரு மாமா. தல சுத்தலுக்கு அவருதான்."

"அவ்ளோ தூரம் போவணும்னா சாதாரண சுத்தல் இல்ல போலருக்கே." மாமாவின் முகம் மாறியது. "நீ வண்டிய ஓட்டுவ. வழியில இது மயங்கி சாஞ்சா யாரு புடிப்பா? இரு, சட்டய மாட்டிக்கினு வரேன்."

இரண்டே நிமிஷத்தில் இஸ்திரி போட்ட மஞ்சள் சட்டையில் வந்தார். அனிதாவை இறக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். பிறகு முன் சீட்டில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

"மயக்கம் வரவங்க முன்னால ஒக்காரவே கூடாது," என்றார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் இருபுறமும் பச்சை விரிந்தது. அனிதாவுக்குக் காரின் கூரை தெரிந்தது. அதில் ஒரு மூலையில் துணி கிழிந்திருந்தது.

"அங்க பாரு ஜெகன், கொக்கு. அம்பது இருக்கும்," என்றார் மாமா.

அனிதா தலையைத் தூக்கினாள்.

"நீ படும்மா. பாத்தா சுத்தும்."

புதுச்சத்திரம் வந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மாமாவை வீட்டில் இறக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கிளம்பிவிடலாம்.

"மாமா, இப்ப நல்லாருக்கு. வூட்டுக்கே திரும்பிடலாம்."

ஜெகன் உடனே வேகத்தைக் குறைத்தான்.

"திடீர்னு நல்லாருக்குன்னா தான் பயப்படணும்," என்றார் மாமா. "எங்க பெரியப்பா அப்பிடித்தான், நல்லாருக்கேன்னாரு. மறுநாளு இல்ல. நேரா வுடு ஜெகன். ஆனா இதே மாதிரி மெதுவாவே போ. வேகம் நோயாளிக்கு ஆவாது."

வெள்ளாறு வந்தது. ஆற்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று அனிதா, "வாந்தி வராப்புல இருக்கு," என்றாள்.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினார்கள். அவள் இறங்கி ஆற்றின் பக்கம் திரும்புவதற்குள் மாமா அவள் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"கீழ பாரும்மா. கீழ பாத்தா தான் வரும். ஜெகன், புடிச்சிக்க."

பத்து நிமிஷம் அனிதா தன் செருப்பையும் ஓர் எறும்பு வரிசையையும் பார்த்தாள். மாமா சற்றுத் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, ஆற்றைப் பார்த்தார்.

"தண்ணி எப்பிடி மினுக்குது பாரு ஜெகன்."

ஜெகன் பார்க்கவில்லை. மனைவி வாந்தியெடுக்கும்போது புருஷன் ஆற்றை ரசித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்தான்.

சிதம்பரத்துக்குள் நுழைந்ததும், கடலூர் ரோட்டிலேயே கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரியில் ஜெகன் நிறுத்தினான். மாமா விறுவிறுவென்று உள்ளே போய்ச் சக்கர நாற்காலியோடு வந்தார். எத்தனை நாளாகத் தலை சுற்றுகிறது என்று டாக்டர் கேட்டார். ஜெகன் 'இன்னிக்குத்தான்' என்று வாயெடுப்பதற்குள் மாமா பதில் சொன்னார்.

"ரொம்ப நாளா இருக்கும்ங்க. வெளிய சொல்லாம தாங்கிக்கினு இருந்துருக்கு."

டாக்டர் யோசித்துவிட்டு ஒரு பாட்டில் டிரிப்ஸும் மூன்று மணி நேரப் படுக்கையும் எழுதினார். ஊசி இறங்கும்போது அனிதா ஜெகனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் ஒன்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

"இதுக்குப் பலாப்பழமே தேவல," என்றாள்.

ஜெகன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். மனைவியைப் படுக்க வைத்தாகிவிட்டது. டாக்டரை ஏமாற்றியாகிவிட்டது. ஒன்றும் தெரியாத ஒரு பெரிய மனிதரை ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அலைய வைத்தாகிவிட்டது. யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அனுப்பிரியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ் வந்ததும் எழுந்து நின்றான்.

"சிஸ்டர், இவளுக்கு ஒண்ணுமே இல்ல. கார்ல சும்மா ஒரு ரவுண்டு போவலாம்னு கெளம்புனோம். அத வெளிய சொல்லக் கூச்சப்பட்டு இப்பிடி ஆயிடுச்சி. எங்க மாமா வேற பாவம், சாப்புடாம கொள்ளாம வெளியில கவலையா ஒக்காந்துருக்காரு. அவருகிட்ட இத எப்பிடி சொல்றதுன்னே தெரியல."

நர்ஸ் டிரிப்ஸ் சொட்டுவதைச் சரிபார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"சுப்பராயலு சாரத் தான சொல்றீங்க? மாசத்துக்கு ரெண்டு பேஷண்டாவது கூட்டிக்கினு வருவாருங்க. இப்பகூட, திரும்பறப்ப பிச்சாவரம் படகுத்துறை வழியா போனா நோயாளிக்கு நல்லதுன்னு டாக்டர சீட்டுல எழுதச் சொல்லும்மான்னு சொல்லிட்டுதான் போறாரு."