காலிப் பெட்டியோடு சாங்கிக்கு

சிங்கப்பூரிலேயே அதிகத் தடவை திருச்சிக்குப் புறப்பட்டவர் எங்கள் ஓசி அண்ணன்தான். வாரம் தவறாமல் புறப்படுவார். சாயங்காலம் பிடோக்கில் எங்களோடு உட்கார்ந்து சோறும் சாப்பிடுவார்.

அவருக்குக் கேலாங்கில் ஒரு சலவைக் கடையில் வேலை. நானும் அந்தோணியும் அவரும் பிடோக் அடுக்குமாடி வீடொன்றில் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். "காத்துல வர்றதுக்கு எதுக்குடா காசு?" என்பது அவருடைய கட்சி. தீவில் எங்கெங்கே இலவச வைஃபை கிடைக்கும் என்பது அத்துப்படி. எது கெட்டி, எது தண்ணி என்று சாம்பாரைச் சொல்வதுபோல் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு நாங்களும் டேட்டா வாங்காமலே திரிந்தோம். எந்தச் செய்தி வந்தாலும் நூலகத்து வாசலுக்குப் போனால்தான் கைபேசி கண் திறக்கும்.

தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரே ஒரு தே ஓ கோசோங் என்கிற வெறுந்தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அங்கே பட்டிமன்றம் பார்ப்பார். கடைக்கார அக்கா ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார்.

"பாலும் வேணாம், சீனியும் வேணாம், வைஃபை மட்டும் கெட்டியா வேணுமாண்ணே?"

"ஆமாக்கா, இன்னிக்கு கொஞ்சம் ஸ்லோவா இருக்குலா" என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் சாங்கி விமான நிலையம்தான். மூன்று மணி நேரம் இலவசம். ஊரிலிருக்கும் மனைவியோடு வீடியோவில் ஆற அமரப் பேசலாம். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அண்ணனுக்கு மனசாட்சி உறுத்தும். பயணி மாதிரி இருக்க வேண்டுமென்று காலிப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போவார். வழியனுப்ப ஆள் இருந்தால்தான் நம்புவார்களாம். அதனால் பூசை முடிந்து வந்த அந்தோணியையும், தூங்கிக்கொண்டிருந்த என்னையும் கிளப்பிவிடுவார்.

"இதுவாடா கை காட்டுறது? ஈ ஓட்டுற மாதிரி இருக்கு. இன்னும் மேல தூக்கு!"

ஒரு தடவை அந்தோணி அழுதே விட்டான். நல்ல நடிகன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா உருகிப்போய், "அழாதப்பா, அண்ணன் சீக்கிரம் வந்துடுவாரு" என்று தேற்றினார். பத்து நிமிடத்தில் அதே அம்மா, சார்ஜ் போடும் இடத்தில் சம்மணமிட்டிருந்த அண்ணனைப் பார்த்துவிட்டார்.

"நீங்க இன்னும் போகலியா?"

"ஃப்ளைட் டிலே லா."

வருடக் கணக்கில் இப்படி நடித்து எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். அவர் மட்டும் தனியாகப் போய்வந்தார்.

ஒரு ஞாயிறு காலை பெட்டியோடு வாசலில் நின்றார். "இன்னிக்கு நெசமாவே போறேன்டா. வந்து கை காட்டுங்களேன்" என்றார்.

அந்தோணி போர்வைக்குள்ளிருந்தே, "போன வாரம்தானேண்ணே திருச்சி போனீங்க?" என்றான். அண்ணனும் சிரித்தார். நான் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வழக்கமாக நடைபாதையில் கடகடவென்று உருளும் பெட்டி அன்றைக்குக் கனத்து மெல்ல உருண்டு போனது காதில் விழுந்தது. அது ஏன் என்று அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் நூலகத்து வாசலை மிதித்ததும் கைபேசி கண் திறந்தது. மதியம் அண்ணன் அனுப்பிய செய்தி.

"வேலை பெர்மிட் முடிஞ்சிடுச்சுடா. சொன்னா நீங்க மூஞ்சிய தொங்கப் போடுவீங்க, அதான் சொல்லல. வைஃபை இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. ஃப்ளைட்டும் அப்பதான். யாராச்சும் வாங்கடா."

மணி பார்த்தேன். செய்தி வந்து நான்கு மணி நேரம் கடந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, அந்தோணி அழுத மாதிரி இல்லை.

மறுநாளே போய் டேட்டா வாங்கினேன். அதற்குப் பிறகு அண்ணனோடு எத்தனையோ தடவை வீடியோவில் பேசியாகிவிட்டது. அவர் அந்த ஞாயிறைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த நூலகத்து வாசலில் நின்றபோது தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. அது திருச்சி விமானமாக இருக்க வழியே இல்லை. இருந்தாலும் கையைத் தூக்கிக் காட்டினேன். ஈ ஓட்டுகிற மாதிரி இருந்தது. இன்னும் மேலே தூக்கினேன்.