புரட்டாசியில் இடித்த வளை

ஒரு காட்டில், நீங்கள் எதிர்பார்க்கிறபடியே, நரி ஒன்று இருந்தது. அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை, விட்டுவிடுங்கள். நம்ம ஆள் மாசிலாமணி என்கிற முயல். அதன் பெண்டாட்டி பொற்கொடிக்கு நிறைமாதம். வளையின் கூரையிலோ ஒரு விரிசல். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை அடைக்காவிட்டால், பிறக்கப்போகிற குட்டிகள் நனைந்தே செத்துப்போகும்.

முதலில் பெருச்சாளி கோதண்டம் வந்தது. உடம்பெல்லாம் மண். கூரையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தது.

"சுவரெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. விரிசலை மட்டும் பூசினாப் போதும். ரெண்டு நாள் வேலை. வியாழக்கிழமை வர்றேன்."

"புரட்டாசியிலயா?" என்று பதறியது மாசிலாமணி.

"விரிசலுக்கு மாசம் தெரியுமாங்க?"

கோதண்டம் போனதும் முயல் உதட்டைப் பிதுக்கியது. "புரட்டாசியில வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாதுன்னுகூடத் தெரியலை. பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு வேற சொல்லுது. தொழில் தெரிஞ்சவன் அப்படிச் சொல்லுவானா?"

அடுத்து வந்தது கொக்கு நல்லசிவம். அடடா, என்ன வெள்ளை, என்ன நிதானம்! கையில் இரண்டு போன். உள்ளே போய்ப் பார்க்காமலேயே, ஒற்றைக் காலில் நின்று பெருமூச்சு விட்டது.

"யார் சார் இதைக் கட்டினது?"

"நான்தாங்க."

"அதானே பார்த்தேன்."

மாசிலாமணிக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துவிட்டது. நம்மை மட்டம் தட்டுகிறவன் விஷயம் தெரிந்தவனாகத்தானே இருப்பான்!

"மொத்தமா இடிச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாம்," என்றது கொக்கு.

"புரட்டாசியாச்சே..." என்று இழுத்தது பொற்கொடி.

"ஆரம்பிக்கத்தான் கூடாதுக்கா. இடிக்கிறது ஆரம்பிக்கிறதுல சேராது. இப்போ இடிச்சிருவோம், ஐப்பசி முதல் தேதி பூஜை போட்டுக் கட்டிருவோம்."

என்ன ஒரு ஆசாரம்! இரண்டு முயலும் கையெடுத்துக் கும்பிட்டன. மறுநாளே பத்துப் பன்றிகள் வந்து, ராகுகாலம் முடியும்வரை பொறுப்பாகக் காத்திருந்து, ஒரே மணி நேரத்தில் வளையைத் தரைமட்டமாக்கின.

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்தது. ஆளைக் காணோம். போன் அடித்தால், "சைட்ல இருக்கேன் சார், நாளைக்குக் காலையில ஆள் வந்துரும்." பொற்கொடி ஒரு புதருக்கடியில் வாழை இலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, இனிமே நாள் தாங்காது. அந்தப் பாவியைக் கையோட இழுத்துட்டு வாங்க," என்று அழுதது.

முயல் ஓடியது. சைட் சைட்டாகத் தேடியது. எங்கே போனாலும் இடிந்த வீடு, அதன் முன்னால் ஒரு பாவப்பட்ட பிராணி. நான்காவது இடத்தில் ஓர் உடும்பு விழுந்தடித்துக்கொண்டு எழுந்தது.

"நல்லசிவம் சார் அனுப்பின ஆளா?"

இல்லை என்று விளக்கிச் சொல்ல முயலுக்கு மூச்சு இல்லை. "ஆமாங்க," என்றது. உடனே நாற்காலி வந்தது. டீ வந்தது. முறுக்கு வந்தது. ஒரு மாதமாக அதை யாரும் உட்காரச் சொன்னதுகூட இல்லை. முயல் டீயை உறிஞ்சிவிட்டு, இடிபாட்டைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

"யார் இதைக் கட்டினது?" என்று கேட்டது.

ஐந்தாவது இடத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே, "நாளைக்கு ஆள் வந்துரும்" என்று சொல்லிவிட்டது. ஆறாவது இடத்தில் கொக்கே நின்றுகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் போனில் கேள்விப்பட்டிருந்தும் அதற்குக் கோபமே வரவில்லை. தன் இரண்டாவது போனை நீட்டியது.

"நல்லாப் பேசுறீங்க. கிழக்குப் பக்கத்தை நீங்களே பார்த்துக்குங்க."

பத்து நாள் கழித்து, கொட்டுகிற மழையில், பொற்கொடி நான்கு குட்டிகளை இலையில் சுற்றிக்கொண்டு விசாரித்து விசாரித்துக் கிழக்குப் பக்கம் வந்து சேர்ந்தது. நாலும் வெடவெடவென்று நடுங்கின. பெரிய குடைக்கடியில் வெள்ளைச் சட்டையும் போனுமாக மாசிலாமணி. தலையைத் தூக்காமலே டேப்பை உருவியது.

"வாங்க மேடம். புதுசாக் கட்டணுமா, மராமத்தா?"

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலும் உங்க குட்டிங்க. தலைக்குமேல ஒரு கூரை வேணும்."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நீயா! நம்ம வீடுதானே, மெதுவாப் பார்த்துக்கலாம். முதல்ல வெளி வேலையெல்லாம் முடியட்டும்."

பொற்கொடி குடையைப் பிடுங்கிக்கொண்டு, குட்டிகளோடு போய்விட்டது.

நீதி: நம்பகமான காண்ட்ராக்டர் கிடைக்கவில்லையே என்று புலம்பாதீர்கள். நீங்களே அந்தத் தொழிலில் இறங்கிவிடுங்கள். அப்புறம் உங்களுக்கு வீடு இல்லை என்பதைக் கவனிக்கவே நேரம் இருக்காது.