காருக்குள் புகுந்த ஆமை

ஒரு காட்டில், தார் ரோடும் டீக்கடையும் வந்த பிறகும் வெட்கமில்லாமல் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், வீரபத்திரன் என்ற கழுதை பொதி சுமந்து வந்தது. அடிவாரத்துச் சந்தையில் காய்கறி ஏற்றி மலை உச்சி வீடுகளுக்குக் கொண்டுபோவது அதன் பிழைப்பு. முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனியும் சுமந்தால் படுத்த படுக்கைதான் என்று கொக்கு டாக்டர் கையை விரித்துவிட்டது.

ஆனாலும் கழுதை வீறாப்பை விடவில்லை. சந்தை நடுவில் நின்று, "இனிமே இந்த முதுகுல ஒரு கத்தரிக்காய்கூட ஏறாது. எல்லாம் கார்லதான் போகும்" என்று சபதம் போட்டது.

கையில் இருந்ததோ கொஞ்சம். புதுக் கார் விலையைக் கேட்டதும் காதுகள் தொங்கிவிட்டன. பழைய பெட்ரோல் கார் வாங்கினால், பெட்ரோல் போடுவதற்காகவே மறுபடி பொதி சுமக்க வேண்டும். மிச்சமிருந்தது பழைய எலக்ட்ரிக் கார்.

அந்தக் காட்டில் எலக்ட்ரிக் வண்டியைப் பற்றி விவரம் தெரிந்தது குப்பாண்டி ஆமை ஒன்றுதான். அது கூப்பிட்டுச் சொன்னது: "அண்ணே, பெயின்ட்டப் பாத்து மயங்காதீங்க. பேட்டரியில உயிர் எவ்வளவு மிச்சம்னு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. மேட்டுல ஏத்திப் பாத்துட்டு அப்புறம் காசக் குடுங்க."

"நீ வீடு போய்ச் சேரவே பொழுது சாஞ்சிரும். எனக்குக் கார் சொல்லித் தர்றியா?" என்றது கழுதை.

பிறகு தனக்குத் தெரிந்த மெக்கானிக்கான கரடியை அழைத்துக்கொண்டு போனது. தெரிந்த மெக்கானிக் என்றால் வேலை தெரிந்தவர் என்று அர்த்தமில்லை. நமக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். இந்தக் கரடி ஆயுள் முழுக்க டீசல் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தது.

உச்சியில் நரி கார்க்கடை வைத்திருந்தது. "டாக்டர் ஓட்டுன வண்டிண்ணே. ஒரே ஓனர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறதோட சரி" என்றது.

கரடி பானெட்டைத் திறந்து காதை வைத்தது. "ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணியாச்சுண்ணே."

கரடி மெய்சிலிர்த்துப் போனது. "மாப்ள, இப்படி அடங்கின என்ஜினை நான் பாத்ததே இல்ல. கண்ண மூடிட்டு வாங்கு."

கழுதை அப்படியே கண்ணை மூடிக்கொண்டது.

ஓட்டிப் பார்க்க மலையிலிருந்து கீழே இறங்கினார்கள். இறங்க இறங்கத் திரையில் சார்ஜ் குறையவில்லை, ஏறியது. "இதென்ன தம்பி, ஓடுனா கூடுது?" என்றது கழுதை.

"எறைக்கிற கெணறு ஊறும்னு சொல்லுவாங்கல்ல, அதாண்ணே இது" என்றது நரி.

இறக்கத்தில் சக்கரம் சுழன்றால் பேட்டரி கொஞ்சம் நிரம்பும். அதில் மாயம் ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கிய கழுதைக்கு, தான் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை. அடிவாரத்து டீக்கடையிலேயே பணம் கைமாறியது. நரி தன் மச்சானின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கார் நிறையக் காய்கறியோடு கழுதை மலை ஏறியது. இரண்டாவது வளைவுக்குள் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. திரையில் ஆமைப் படம் ஒன்று மஞ்சளாக எரிந்தது. வண்டி ஊர்ந்தது, பிறகு நின்றது. சார்ஜ் தீரப்போகிறது, இனி வேகம் வராது என்பதற்குக் கம்பெனிக்காரன் வைத்த படம் அது.

கரடி ஓடிவந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க. இது காருக்குள்ளயே புகுந்திருச்சே மாப்ள."

"அந்தக் குப்பாண்டிதான் கண்ணு வச்சுட்டான்" என்றது கழுதை.

பஞ்சாயத்து கூடியது. தலைவர் சிறுத்தை. குப்பாண்டி கெஞ்சியது: "நான் ஒண்ணும் பண்ணலீங்க. அது சார்ஜ் இல்லைன்னு காட்டுற விளக்குங்க."

"சார்ஜ் இல்லைன்னா சார்ஜ் படத்தப் போட வேண்டியதுதானே? உன் மூஞ்சிய எதுக்குப் போடுறான்?" என்றது சிறுத்தை.

என்ன ஒரு மூளை என்று சபையே வியந்தது. ஆமையைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். அது எல்லையைத் தாண்ட வெகுநேரம் பிடித்தது. அதுவரை அலுக்காமல் கூட நடந்து திட்டினார்கள். நரியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் கடையில் இரண்டு பேர் முன்பணம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

ஆமை போன பிறகும் கார் நகரவில்லை. புதுப் பேட்டரி விலையை விசாரித்தால், அது காரின் விலையைத் தாண்டி நின்றது. கழுதைக்கு அழுகை முட்டியது. அழுதால் ஏமாந்தது ஊருக்குத் தெரிந்துவிடுமே. பேசாமல் கயிற்றை எடுத்து ஒரு முனையைக் காரிலும் மறுமுனையைத் தன் கழுத்திலும் கட்டிக்கொண்டு மலை ஏறத் தொடங்கியது.

அன்று முதல் வழியில் எல்லோரும் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். காரில் வந்த காய் என்று உச்சி வீட்டுக்காரர்கள் பேரம் பேசாமல் வாங்கினார்கள். ஒருநாள் கொக்கு டாக்டர் எதிரே வந்தது. "முதுகு எப்படிப்பா இருக்கு?"

"அதுக்கென்ன டாக்டர்," என்றது கழுதை, வாயில் நுரை தள்ள. "அதுலதான் இப்ப ஒண்ணும் ஏறுறதில்லையே."

நீதி: பொதியை முதுகில் சுமப்பவன் கழுதை, பொதியைக் காரில் ஏற்றி, காரையும் சேர்த்து இழுப்பவன் முதலாளி.