இரவல் சோபாவும் அப்பாவின் வால்வும்

ஏழையாக இருப்பது எங்களுக்குப் பழகிய கஷ்டம். ஏழை என்று காட்டிக்கொள்வதுதான் உயிர் போகிற கஷ்டம். அதில் அப்பாவின் உயிரே போகப் பார்த்தது, என் புண்ணியத்தில்.

அப்பாவுக்கு இதய வால்வு பழுது. ஆபரேஷனுக்குக் கொழும்பில் பேர் பதிந்தபோது, மூன்று வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். (அது வால்வுக்குத் தெரியுமா?) அரசாங்கச் செலவில் இந்தியாவுக்கு அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். உண்மையிலேயே வசதியில்லாத குடும்பம்தானா என்று பார்க்க, நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது.

லயத்துக்குப் பெரிய ஆள் யார் வந்தாலும் பத்து வீட்டுச் சாமான் ஒரு வீட்டில் கூடிவிடும். நானும் கூட்டினேன். தோட்டத்துக் கிளாக்கர் வீட்டு சோபா, பக்கத்து வீட்டு மாரியக்கா டீவி, கடைசி வீட்டு பிரிட்ஜ். பிரிட்ஜை நாலு பேர் சாமி தூக்குவது மாதிரி தூக்கி வந்தார்கள்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "டேய், அவங்க நம்ம கஷ்டத்தத்தானே பார்க்க வாறாங்க?"

"சும்மா இருங்கப்பா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா. சோபாவில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். "தம்பி, இதெல்லாம் உங்கட சாமான்களோ?"

வாசலில் மொத்த லயமும் நின்றது. இரவல் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க மேடம்," என்றேன்.

கடவுள் அப்போதும் கைவிடவில்லை, மாரியக்காவை அனுப்பினார். "தம்பி, நாடகம் போட்ருவாங்க. என் டீவிய எடுத்துக்கிட்டுப் போகவா?"

நான் சிரித்தேன். "பாவம் மேடம், இந்த அக்கா தினம் இங்கதான் பார்க்கும். தன்னோடதுன்னே நெனச்சிருச்சு." (அக்கா அதன்பின் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.)

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். என் புளுகை அரசாங்கம் முழுசாக நம்பிவிட்டது. 'போதிய வசதியுள்ள குடும்பம்' என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். உண்மையை எழுதி மேல்முறையீடு செய்தேன். பொய்யை ஒரே நாளில் நம்பியவர்களுக்கு உண்மையைப் பரிசீலிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. இதற்கிடையில் அப்பா லயத்துப் படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருக்கும்.

கடைசியில் கொழும்புப் பட்டியலே அப்பாவைக் கூப்பிட்டது. ஆபரேஷன் முடிந்து அவர் கொத்துமல்லிப் பாத்தி கொத்திக்கொண்டிருந்த நாளில் கடிதம் வந்தது: இந்தியா செல்ல அனுமதி.

பிறகு என்னை மாப்பிள்ளை பார்க்க பண்டாரவளையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். வாசலில் நான் சம்பாதித்து வாங்கிய புது மோட்டார் சைக்கிள். அப்பா ஒரே மூச்சில் படியிறங்கிப் போய், அவர்கள் செருப்பைக் கழற்றுமுன் சொன்னார்: "மொதல்லயே சொல்லிடுறேங்க. அந்த பைக்கு பக்கத்து வீட்டுது."

கல்யாணமாகி நாலு வருஷம். இன்றும் நான் பைக்கைத் துடைத்தால் என் மனைவி எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "திருப்பிக் குடுக்கப் போறீங்களா?"