இன்னிக்கு பேண்ட் இருக்காம்

டில்லியில் இந்தி அறவே தெரியாதவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் புதுப் பெண்டாட்டியோடு தெருவில் நிற்பான். நான் நின்றிருக்கிறேன், அதுவும் கோட்டு போட்டுக்கொண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி மூன்று மாதம். பெண் பார்க்கப் போனபோது, "இந்தியெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று மாமனாரிடம் அளந்துவிட்டிருந்தேன். (தெரிந்தது ஆஜ், ஹை, நஹி, அச்சா. நாலையும் மாற்றி மாற்றிப் போட்டே ஆபீசில் ஒரு வருடம் ஓட்டியிருந்தேன்.) அதை நம்பி வந்த வசந்தாவுக்கு கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் நாலு சுவரே கதி.

"என் பொறந்தநாளுக்காவது பாட்டு கீட்டு இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் எடுத்துடுங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கரோல் பாகில் சாயங்காலமானால் மேடை போட்டுப் பாடும் ஓட்டல் ஒன்று இருந்தது. பிறந்தநாள் திங்கட்கிழமை. போனோம். கதவில் ஆங்கில எழுத்தில் ஓர் அட்டை. 'ஆஜ்' தெரியும், 'ஹை' தெரியும். நடுவில் பி, ஏ, என், டி.

"இன்னிக்கு பேண்ட் இருக்காம்" என்றேன். வசந்தாவின் முகம் மலர்ந்தது.

காவலாளி கையை ஆட்டினார். "பந்த் ஹை, சாப்."

"பந்த் நஹி பையா, பேண்ட்" என்று அவர் உச்சரிப்பைத் திருத்தினேன். (பந்த் என்றால் பஸ் ஓடாது, ஓட்டலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்த மேதை நான்.) அவர் "அச்சா" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜனவரிக் குளிரில் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "வாசிக்கிறவங்க வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, எதிர்ல செருப்புக் கடையிலயும் பேண்ட் இருக்காம்" என்றாள் வசந்தா.

பார்த்தேன். அதே அட்டை.

"பாத்திரக் கடையிலயும்."

தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. அட்டையில் இருந்தது 'பந்த்', இந்தியில் அதற்கு 'மூடியிருக்கிறது' என்று அர்த்தம், கரோல் பாகுக்குத் திங்கட்கிழமை வார விடுமுறை என்பதெல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"அப்ப உங்களுக்கு இந்தி தெரியாது."

"தெரியாது" என்றேன். மானம் போய்விட்டது. அழப்போகிறாள், நாளைக்கே டிக்கெட் என்று பயந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டிக்கெட் எடுக்கவில்லை. இனி இவரை நம்பிப் பயனில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆறே மாதத்தில் இந்தி கற்றுக்கொண்டாள். இன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு அவள் பேரம் பேச, நான் பை பிடிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் இந்தியில் ஏதாவது ஆரம்பித்தால் போதும், டில்லியிலேயே பிறந்து வளர்ந்த மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, பேண்ட்."

வாயை மூடிக்கொள்வேன்.