பூச்சிக் கண்டாக்கு பேர் போட்ட கதை

நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மரக்கறிப் பாத்திகளில் பூச்சிக் கண்டாக்குக்குத் தெரியாமல் ஒரு புழு பிறந்ததும் இல்லை, செத்ததும் இல்லை. வேலையிலிருந்து நின்றுவிட்ட பழைய கங்காணி அவர்; தோட்டத்து மேலதிகாரியைச் சொல்லும் 'கண்டாக்கு' நாங்கள் வைத்த பட்டப்பேர். ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு நடக்கும் காலை நேரத்தில் பூதக்கண்ணாடியோடு வந்து பூச்சிகளுக்குப் பெரட்டு வைப்பார்.

தோட்டத்தில் பேர் போட்டால்தான் அன்றைக்குச் சம்பளம்; கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அதே சட்டம்தான் பூச்சிகளுக்கும். கோவா என்கிற முட்டைக்கோஸின் இலைக்கடியில் தனித்தனியாக மஞ்சள் முட்டை இருந்தால், "வெள்ளைப் பட்டாம்பூச்சி போட்டது. பேரே கெடையாது, நசுக்குங்க" என்பார். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கு முழுப்பேர். சிலந்திக்கு அரைப்பேர். "வேல செய்யிது, ஆனா நல்லவன் கெட்டவன் பாக்காம புடிக்கிது."

அந்த வருஷம் கோயில் திருவிழா அன்னதானம் எங்கள் லயத்து முறை. உருளைக்கிழங்கு முழுவதும் தானே தருவதாக என் மனைவி மல்லிகா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். கிழங்குச் செடியின் இலைக்கடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக நின்றதைப் பார்த்ததும் மருந்தடிக்கக் கிளம்பினாள்.

"வையிம்மா கீழ. பொறிவண்டு முட்ட. நம்ம ஆளு."

"நெசமாவா கண்டாக்கையா? கோயிலுக்குச் சொல்லிட்டேங்க."

"நான் பேரு போட்டா போட்டதுதான்."

முட்டை பொரிந்தது. முள் முள்ளாக மஞ்சள் புழுக்கள் வந்தன. இவையும் பொறிவண்டுக்குச் சொந்தக்கார வண்டினம்தான், ஆனால் சுத்த சைவம். இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிட்டன. மல்லிகா ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள்.

"பொறிவண்டு முட்டயும் இதும் ஒரே மாதிரிதாம்மா. பக்கத்துல அசுவினி இருக்கான்னு பாத்திருக்கணும். பாக்கல" என்றார் கண்டாக்கு.

மறுநாளிலிருந்து சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு வந்து புழுக்களைக் கையால் பொறுக்கினார். காலமெல்லாம் மற்றவர்களைக் கொழுந்து பறிக்க விரட்டியவர்.

"வெரலு ஓடலையே கண்டாக்கையா" என்று அவருடைய பழைய அதட்டலையே திருப்பிச் சொல்லிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சீண்டினார்கள்.

"ஓடலதாம்மா" என்றார். பிறகு அவர்களும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகுமுன் கூடவே குனிந்து பொறுக்கினார்கள்.

கிழங்கு நெல்லிக்காய் அளவில்தான் வந்தது. பருப்பை அள்ளிப் போட்டுக் கறியை ஒப்பேற்றினோம். பந்தியில் கண்டாக்கைக் காணோம். மல்லிகாவே தட்டோடு அவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"வேணாம்மா. ஒன்ன எல்லார் முன்னாலயும் தலகுனிய வச்சுட்டேன்."

"சாப்புடுங்க. கோவாவுல இன்னைக்கு என்னமோ முட்ட வச்சிருக்கு. நீங்க பாக்காம நான் தொடமாட்டேன்."

சாப்பிட்டார். இப்போதும் வருகிறார். கண் இன்னும் மங்கிவிட்டது. கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால் எந்த முட்டை என்று எங்களுக்கே தெரிந்துவிடும். எடுப்பதில்லை. தப்பாகவே சொன்னாலும் அவர் வந்து சொல்லட்டும் என்று, இலையைத் திருப்பிப் பிடித்தபடி காத்திருக்கிறோம்.