பெட்டிக்காரர் எடுத்த அளவு

உயிரோடு இருக்கும்போதே சவப்பெட்டித் தச்சரிடம் போய் அளவு கொடுத்தவர்கள், உலகத்திலேயே வில்லியனூர்ப் பக்கத்து ஆண்களாகிய நாங்கள் மட்டும்தான். எழுபதுகளில் எங்கள் ஊரில் எவனுக்காவது மோட்டார் சைக்கிள் ஆசை வந்தால், முதலில் கடைக்குப் போகமாட்டான். பெட்டிக்காரரிடம்தான் போவான்.

அவர் பட்டறையில் இரண்டு கட்டைக் குதிரைகள் இருந்தன. ஒன்று புல்லட் உயரம், மற்றது அதைவிடத் தாழ்வான ராஜ்தூத் வண்டியின் உயரம். ஏறி உட்காரவேண்டும். குதிகால் தரையில் பதிகிறதா, முட்டி டாங்கியை அணைக்குமா, கையை நீட்டினால் முழங்கை கொஞ்சம் மடங்குகிறதா என்று பார்ப்பார். சாவு வீட்டுக்கு எடுத்துப்போகும் அதே டேப்பால் அளப்பார். நாம் நெளிவோம்.

"ஆடாம ஒக்காருபா. எங்கிட்ட அளவு குடுக்கறவன் எவனும் ஆடமாட்டான்."

அளவில் மகா கஞ்சர். பெட்டியில் அரை இஞ்சு கூட்டமாட்டார். வாத்தியார் வீட்டுச் சாவில் "கொஞ்சம் தாராளமா செய்யுங்க" என்று யாரோ சொன்னதற்கு, "இன்னாத்துக்கு? பொரண்டு படுக்கவா?" என்று கேட்டுவிட்டார்.

என் அண்ணன் சவரி குள்ளம். அவனுக்கு நிச்சயம் செய்த அரியூர்ப் பெண் அவனைவிட உயரம். புல்லட்டில் போய் இறங்கினால்தான் மரியாதை என்று ஒற்றைக்காலில் நின்றான். நானும் கூடப் போயிருந்தேன். புல்லட் குதிரையில் அவன் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது.

"ஒனக்கு ராஜ்தூத்துதான்டா. ரெண்டு காலும் முழுசா ஊணுது பாரு."

"அதுல ஒக்காந்தா இன்னும் குட்டையா தெரிவேன் மாமா."

"தெரிஞ்சிட்டுப் போ. ரோட்டோரம் பள்ளமா இருந்தா இன்னா பண்ணுவ? எனக்கு வேல வெச்சிடாதடா சவரி."

அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்று மட்டும்தான். அண்ணன் புல்லட்டே வாங்கினான்.

மூன்றாம் வாரம், எதிரே வந்த கரும்பு வண்டிக்கு வழிவிட ஓரமாக நிறுத்திக் காலை ஊன்றினான். அங்கே தரை இல்லை, வாய்க்கால் சரிவு. வண்டியோடு உள்ளே விழுந்தான். தூக்கும்போது உயிர் இல்லை.

பெட்டிக்காரர் டேப்போடு வரவில்லை. அளவுதான் அவருக்குத் தெரியுமே. சாயங்காலம் பெட்டியை அவரே சுமந்து வந்தார். அண்ணனைக் கிடத்தியபோது கால்மாட்டில் ஒரு சாண் காலியாக இருந்தது.

"மாமா, அளவு தப்பிடுச்சே" என்றேன்.

"தப்பல. பொண்ணு வூட்டுக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. மூடிட்டா யாருக்குடா தெரியும்? ஒசரமானவன்னு நெனைக்கட்டும்."

அவரே ஆணி அடித்து மூடினார். அந்தக் கஞ்ச மனுஷர் தன் வாழ்நாளில் கூட்டிக்கொடுத்த ஒரே சாண் அது. அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.